பதினாலாம் நம்பர் வண்டி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அன்றைய பதிவேடு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நடந்தது பட்டப்பகலில். தூக்கம் கெட்டிருந்தது, உண்மைதான். ஆனால் விழித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அக்கா வீட்டு நிலவறை முழுக்க ஒரு பொம்மை ரயில்பாதை. பொம்மை என்றால் அத்தானுக்குக் கோபம் வரும். ஐந்து ஸ்டேஷன், மூன்று குகை. இருபது வருட உழைப்பு. நான்கு மாதம் முன்பு அங்கேயே, தனியாக இருந்தபோது, மாரடைப்பில் இறந்துபோனார். அதன் பிறகு அக்கா அந்தப் படியில் இறங்கவில்லை. "யாராச்சும் அதை எடுத்துட்டுப் போனாத்தான்டா எனக்குத் தூக்கம் வரும்" என்றாள்.

ஓர் அருங்காட்சியக அதிகாரி வந்து பார்க்க ஒப்புக்கொண்டார். அட்டவணை முழுவதும் தடங்கலில்லாமல் ஓடினால் எடுத்துக்கொள்வார். இல்லையென்றால் பிரித்துப் போட வேண்டியதுதான், அதற்கு அக்காவுக்கு மனசு வராது. மூன்று மாத ஞாயிறுகளை இதற்கே கொடுத்து என் முதுகு ஒடிந்திருந்தது. அன்றும் இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தேன்.

நான் கட்டுப்பாட்டாளர். நிலவறைப் படிக்கு அடியில் கதவடைத்த சின்ன அறை. அங்கிருந்து வண்டிகள் தெரியாது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஓர் ஆள், ஒரு போன். எந்த ஸ்டேஷன் கூப்பிடுகிறதோ அதன் விளக்கு என் முன்னால் உள்ள பலகையில் எரியும். அவர்கள் வண்டியை அனுப்ப அனுமதி, அதாவது லைன் கிளியர், கேட்பார்கள், நான் கொடுப்பேன். வண்டி சேர்ந்துவிட்டது என்று அடுத்த ஸ்டேஷன் சொல்லும்வரை அந்தப் பாதையில் வேறு வண்டி நகரக் கூடாது. அன்று அத்தானின் நண்பர்கள் நான்கு பேர்தான் வந்தார்கள். மூன்றாவது ஸ்டேஷனை மூடிவிட்டோம்.

மூன்று மணிக்குத் தொடங்கினோம்.

4.42. போன் அடித்தது.

"பதினாலுக்கு லைன் கிளியர்." மூச்சு வாங்கும் குரல்.

"குடுத்தாச்சு" என்று சொல்லி பதிவேட்டில் எழுதிக்கொண்டேன். பிறகுதான் பலகையைப் பார்த்தேன். எரிந்தது மூன்றாவது ஸ்டேஷன் விளக்கு.

அட்டவணையில் மொத்தமே பதிமூன்று வண்டிகள்.

எவனோ விளையாடுகிறான் என்று எரிச்சல் வந்தது. நான்காவது ஸ்டேஷனில் பல் டாக்டர் இருந்தார். அவரைக் கூப்பிட்டேன்.

"டாக்டர், மூணுல யாரு?"

"யாருமில்லப்பா. லைட்டே போடல. ஆனா குகைக்குள்ள வண்டிச் சத்தம் கேக்குது..."

டடக்... டடக்... போன் வழியாக எனக்கும் கேட்டது.

4.47. சத்தம் நின்றது. வண்டி வெளியே வரவில்லை.

முறைப்படி எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அக்காவின் காரியம் கெட்டது. வெளியே அதிகாரியின் குரல் கேட்டது. "என்னங்க, ஏதாவது தடங்கலா?"

அலுத்துவிட்டது எனக்கு. போதும் என்றிருந்தது. பேனாவை எடுத்து நானே எழுதினேன்: பதினாலு, சேர்ந்தது, 4.49.

பொய்.

அதே பாதையில் ஆறாம் நம்பரை அனுப்பினேன். ஒரு தடையும் இல்லாமல் போனது.

4.51. மறுபடி மூன்றாவது விளக்கு.

"ஏன் மாப்ள பொய் எழுதுற... நான் இன்னும் வந்து சேரலையே..."

என்னை மாப்ள என்று கூப்பிட ஒருவர்தான் இருந்தார்.

விளக்கு அணைந்தது.

எழுந்து போய்ப் பார்க்காமல் அடுத்த வண்டிக்கு லைன் கிளியர் கொடுத்தேன்.

ஆறு மணிக்கு எல்லாம் முடிந்தது. அதிகாரி கைகொடுத்து, எடுத்துக்கொள்கிறோம் என்றார். யாரிடமும் எதுவும் சொல்லாமல் காரிலேயே தூங்கிவிட்டேன்.

மறுவாரம் லாரி வந்தது. பட்டியலில் ஐந்து போன். கிடைத்தது நான்கு. மூன்றாவது ஸ்டேஷனில், அதுவரை யாரும் குனிந்து பார்க்காத மேசைக்கு அடியில், வெட்டுப்பட்ட வயர் மட்டும் தொங்கியது.

நிலவறைப் படியின் உச்சியில் நின்றிருந்த அக்காவிடம் கேட்டேன். "மூணாவது ஸ்டேஷன் போன் எங்கக்கா?"

மேல்படியிலேயே உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு விழுந்து கிடந்தப்ப அது அவர் கையில இருந்துச்சுடா. விரலைப் பிரிக்கவே முடியல. வயரை வெட்டி... அவரோடயே அனுப்பிட்டேன்."