முத்துவீரன் மாட்டிய வெள்ளை லைட்

என் வீட்டுக்காரர் முத்துவீரனைப் பற்றி யாரிடம் கேட்டாலும் கோபக்காரன் என்றுதான் சொல்வார்கள். தெஹியோவிட்ட பஸ் ஸ்டாண்டிலும் அதைத்தான் சொல்வார்கள், எங்கள் ஹல்கொல்ல தோட்டத்து லயங்களிலும், அந்த வரிசை வீடுகளிலும், அதைத்தான் சொல்வார்கள். ஏன் கோபம் என்று மட்டும் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அதைச் சொல்லும் வாய் எனக்குத்தான் இருக்கிறது. நானும் அவருக்குச் சளைத்தவள் இல்லை. இந்தச் சுமித்ராவின் வாய்க்குப் பயந்து கங்காணி வேறு மலைக்கு மாற்றல் கேட்டார் என்று ஒரு கதை உண்டு. பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.

என் வீட்டுக்காரர் பால்வெட்டுக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். ரப்பர் மரத்தில் கத்தி வைக்கும் வேலை பிடிக்காமல் கொழும்புக்குப் போய், ஒரு முதலாளியிடம் பல வருஷம் லொறி ஓட்டினார். பிறகு ஒரு பழைய டொல்பின் வேனை வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார். லயத்து ஆள் ஒருவர் சொந்த வண்டியோடு தோட்டத்துக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. கல்யாணமோ சாவோ ஆஸ்பத்திரியோ, எல்லாவற்றுக்கும் அந்த நீல வேன்தான். வேனை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கழுவுவார். என்னை ஒரு நாள் அப்படி அக்கறையாகப் பார்த்திருப்பாரா என்று கேட்டால் முறைப்பார்.

எங்கள் தோட்டத்தில் ஒரு பழக்கம் இருந்தது. பழக்கம் என்று சொல்லவே எனக்கு வயிறு எரிகிறது. தோட்ட மேனேஜரான தொரையின் ஜீப் வந்தால் ரோட்டில் நடப்பவர்கள் ஓரத்துக் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். மழைத்தண்ணீர் ஓட வெட்டிவிட்ட கான் அது, இடுப்பளவு ஆழம். குடை பிடித்திருந்தால் மடக்க வேண்டும். கையில் டார்ச் இருந்தால் அணைக்க வேண்டும், தொரையின் கண்ணில் வெளிச்சம் படக் கூடாதாம். வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம். அவன் போனான், தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது, பிறகு கம்பெனி எடுத்தது, எத்தனையோ தொரைமார் வந்து போனார்கள். நாங்கள் மட்டும் கானுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தோம். இப்போதைய தொரை இறங்கச் சொல்லி ஒருநாளும் உத்தரவு போட்டதில்லை. இறங்க வேண்டாம் என்றும் சொன்னதில்லை. அந்த மனுஷனுக்கு அது பார்க்கச் சுகமாக இருந்திருக்கும்.

வண்டிக்கும் அதே கதைதான். ஃபேக்டரிக்குக் கீழே ஓயா என்கிற சிற்றாற்றின் மேல் ஒரு பாலம், ஒரு வண்டிதான் போகலாம். முதலில் ஏறிய வண்டிக்கு வழிவிடுவது ஊர் முறை. எங்கள் பாலத்தில் ஜீப்புக்கு வழிவிடுவதுதான் முறை.

என் தங்கச்சி கோகிலாவுக்கு முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, 2005ஆம் வருஷம், வலி கண்டு அவளை வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். நல்ல மழை. பாலத்தில் பாதி தாண்டியாயிற்று. எதிரே ஜீப். அதன் டிரைவர் ஜயசேன கண்ணாடியை இறக்கி, "பஸ்ஸட கன்ன" என்று, பின்னால் எடுக்கச் சொல்லிக் கையை ஆட்டினான். உள்ளே நோயாளி இருக்கிறாள் என்று இவர் சிங்களத்தில் கத்தினார். நானும் கத்தினேன். பின்சீட்டில் தொரை போனில் பேசிக்கொண்டிருந்தார், தலையைக்கூடத் திருப்பவில்லை. இவர் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் எடுத்தார். பாலம் தாண்டியதும் வளைவு, ஏற்றம், சேறு. பின்சக்கரம் கானுக்குள் இறங்கிவிட்டது. வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்து தூக்கிவிடும் வரை கோகிலா என் மடியில் துடித்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளை செத்துப் பிறந்தது. பாலத்தில் தாமதமானதால்தானா என்று டாக்டரைக் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். கோகிலா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்துதான் இவருக்கு அந்தக் கோபம். மற்றவர்கள் பார்த்தது இவர் வாசலில் நின்று சத்தம் போடுவதை. நான் பார்த்தது வேறு. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போவார்.

இரண்டு வருஷம் கழித்துக் கோகிலா மறுபடியும் முழுகாமல் இருந்தாள். அதே சமயத்தில் வேனின் முன்லைட் இரண்டும் மங்கிப்போயின. புது பல்ப் வாங்க அவிசாவளைக்குப் போனோம். அங்கே ஸஹாப்தீன் நானாவின் உதிரிப்பாகக் கடை. நானா இரண்டு பெட்டிகளை மேசையில் வைத்தார். ஒன்று ஹாலஜன், காலகாலமாக எல்லா வண்டியிலும் எரிகிற மஞ்சள் வெளிச்சம். மற்றது செனான். அதற்கு ஒயரும் ஒரு குட்டிப் பெட்டியும் தனியாக உண்டு. கடையிலேயே எரித்துக் காட்டினார். வெள்ளை வெளேரென்று, கொஞ்சம் நீலம் கலந்து, கண்ணைக் குத்தியது.

இவர் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றார். தொரையின் புது ஜீப்பில் எரிவது அதே வெளிச்சம்.

"இது ஒங்கட வேனுக்குச் சரிவராது, முத்துவீரன்," என்றார் நானா. "அந்த ஜீப்புல முன்னுக்கு லென்ஸ் கண்ணாடி வச்சுத்தான் வருது. வெளிச்சத்த அது புடிச்சு ரோட்டுல போடும். ஒங்கட லைட்டுச் சட்டி ஹாலஜனுக்குச் செஞ்சது. அதுக்குள்ள செனான போட்டா வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும். மிஸ்ட் விழுந்தா முன்னுக்கு வெள்ளச் சுவர்தான். மல ரோட்டுக்கு மஞ்சள்தான் நல்லம்."

"சுவரா இருந்தாலும் பரவால்ல நானா. அத மாட்டுங்க."

"ஏங்க, அவரு சொல்றதக் கேளுங்களேன்," என்றேன் நான்.

இவர் என் பக்கம் திரும்பினார். "மஞ்ச லைட்டப் பாத்தா இது லயத்து வண்டின்னு அந்த ஜயசேன தூரத்துலயே முடிவு பண்ணிட்றான். வெள்ள லைட்டா இருந்தா யாரோ பெரிய ஆளுன்னு ஒதுங்குவான். இந்தத் தடவ கோகிலாவ ஏத்திக்கிட்டுப் போறப்ப நான் பின்னுக்கு எடுக்க மாட்டேன். வெளங்குதா?"

எனக்கு விளங்கியது. விளங்கியதால் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், இவர் கணக்குத் தப்பவில்லை. அந்த வாரமே ஒரு மப்பு மந்தாரமான சாயங்காலம், பாலத்தில் எதிரே வந்த ஜீப் எங்கள் வெளிச்சத்தைப் பார்த்துத் தானாகவே பின்னால் போனது. அதைக் கடக்கும்போது ஜயசேனவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இவர் வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

ஆனால் கேட்டில் வாச்சர் ஓடிவந்து சலாம் போட்டான். ரோட்டில் நடந்தவர்கள் எங்கள் வெளிச்சத்தைப் பார்த்துக் கானுக்குள் குதித்தார்கள். கிட்டே வந்தது நீல வேன் என்று கண்டதும் மேலே ஏறி, "அட, முத்துவீரனா" என்று சிரித்தார்கள். முதலில் இவரும் சிரித்தார். பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் திட்டத் தொடங்கினார். "ஏன்யா எறங்குறீங்க? மனுசங்கதானே நீங்க?" அவர்களுக்கு வெட்கமாக இருந்திருக்கும். அடுத்த தடவையும் இறங்கினார்கள். மூளை யோசிக்கும் முன்பே கால் இறங்கிவிடுகிறது, என்ன செய்வது.

கோகிலாவுக்கு வலி கண்டது ஒரு விடிகாலையில். விடாத மழை, மலை முழுக்க மிஸ்ட். மழையில் பால்வெட்டு இல்லை என்பதால் நானும் வீட்டில்தான் இருந்தேன். அவள் இருந்தது மேல்லயத்தில். அங்கே போகிற ரோடு மண் சரிந்து உடைந்திருந்தது. போன் சிக்னலும் அங்கே கிடையாது. அவள் புருஷன் நிரோஷன் கோயில் மேட்டுக்கு ஏறி நின்று இவருக்குப் பேசினான். தன் அம்மா வெள்ளையம்மா கோகிலாவைக் கைத்தாங்கலாக மாமரத்து வளைவு வரை கூட்டி வருவாள், ரோட்டோரத்தில் டார்ச்சோடு நிற்பாள், வெளிச்சத்தைப் பார்த்து நிறுத்துங்கள் அத்தான், நான் மருத்துவிச்சியைத் தேடிப் போகிறேன் என்றான்.

நானும் வேனில் ஏறினேன். ஓயா தாண்டியதும் மிஸ்ட் எங்களை மூடிக்கொண்டது. ஸஹாப்தீன் நானா சொன்னது அப்போதுதான் விளங்கியது. செனான் வெளிச்சம் முன்னால் போகாமல் எங்கள் முகத்துக்கே திரும்பி வந்தது. ரோடு தெரியவில்லை, கான் தெரியவில்லை. இவர் கண்ணாடிக்கு வெளியே தலையை விட்டுக்கொண்டு ஓட்டினார். நான் இடது பக்கம் டார்ச் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். மாமரத்து வளைவு வந்தது. டார்ச்சும் இல்லை, குடையும் இல்லை, மனுஷ வாடையே இல்லை.

"இன்னும் எறங்கி வரல போல," என்றார் இவர். மண் சரிந்த இடம் வரை ஓட்டிக்கொண்டு போனோம். நான் இறங்கி மழையில் மேல்லயத்துக்கு ஓடினேன். வீடு பூட்டிக் கிடந்தது.  திரும்பி ஓடிவந்து வேனில் ஏறி, "அவங்க எப்பவோ போயிட்டாங்க, திருப்புங்க," என்றேன்.

வளைவுக்கு வந்ததும் இவரை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். "கோகிலா" என்று கூப்பிட்டேன். தண்ணீர் ஓடும் சத்தம்தான் கேட்டது. இன்னொரு தடவை அடித்தொண்டையில் கத்தினேன். கானுக்குள்ளிருந்து வெள்ளையம்மாவின் குரல் வந்தது. "சுமித்ராவா? தொரன்னு நெனச்சேனே புள்ள."

தூரத்தில் வெள்ளை வெளிச்சத்தைக் கண்டதும் அந்த மனுஷி டார்ச்சை அணைத்திருக்கிறாள். குடையை மடக்கியிருக்கிறாள். வலியில் நிற்க முடியாதவளையும் இழுத்துக்கொண்டு கானுக்குள் இறங்கியிருக்கிறாள். நாங்கள் அவர்களைத் தாண்டிப் போனோம். பிறகு கோகிலாவால் மேலே ஏற முடியவில்லை. கானில், ஓடுகிற செம்மண் தண்ணீரில், வெள்ளையம்மாவின் சேலைமேல் பிள்ளை பிறந்துவிட்டது. நான் டார்ச் அடித்துப் பார்த்தபோது அது நீலம் பாரித்துக் கிடந்தது. அழவில்லை.

இவர் கானுக்குள் குதித்தார். தன் சட்டையைக் கழற்றிப் பிள்ளையைச் சுற்றினார். நான் துடைத்துத் துடைத்து முதுகைத் தேய்த்தேன். ஒரு முனகல் வந்தது. அவ்வளவுதான். அந்த முனகலைச் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினோம். அன்று பாலத்தில் எதிரே எதுவும் வரவில்லை. வந்திருந்தால் இவர் இடித்துத் தள்ளிவிட்டுப் போயிருப்பார், நான் தடுத்திருக்க மாட்டேன்.

பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். ஆண் பிள்ளை. நெஞ்சில் சளி கட்டி, இருக்குமா போகுமா என்று எங்களை நாள்கணக்கில் அலைக்கழித்துவிட்டுப் பிழைத்துக்கொண்டான்.

வெள்ளையம்மாவை ஆஸ்பத்திரி வாசலிலேயே நான் கிழிகிழியென்று கிழித்தேன். அவள் "கால் எறங்கிருச்சு," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அதைக் கேட்டபோது அவள்மேல் இருந்த கோபம் போய்விட்டது. அது போய்ச் சேர வேண்டிய இடம் வேறு.

மறுவாரம் இவர் ஸஹாப்தீன் நானாவின் கடைக்குப் போய்ச் செனானைக் கழற்றச் சொன்னார். நானும் கூடப் போயிருந்தேன்.

"நான் அண்டைக்கே சொன்னேன்தானே," என்றார் நானா.

"நீங்க சொன்னது மிஸ்ட்டுக்கு நானா. அது சரி. ஆனா எங்க ஆளுங்க கானுக்குள்ள எறங்குனதுக்கு பல்ப் என்னா செய்யும்? தொரை மாதிரி வெளிச்சம் போட்டு நான்தான் அவங்கள எறக்குனேன். ஜயசேன பயப்படணும்னு மாட்டுனேன். பயந்தது என் கொழுந்தியா." இவர் ஹாலஜன் பெட்டியைக் கையில் எடுத்தார். "மஞ்சளையே போடுங்க. எங்க வண்டின்னு தெரியட்டும்."

ஹாலஜனை மாட்டிக்கொண்டு வந்தோம்.

பிள்ளைக்கு ஊசி போடுகிற நாள் வந்தது. கோகிலா, பிள்ளை, வெள்ளையம்மா, நான் எல்லோரும் வேனில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். தூறல். பாலத்தில் பாதி தாண்டியாயிற்று. எதிரே வெள்ளை வெளிச்சம். ஜயசேன கையை ஆட்டினான். "பஸ்ஸட கன்ன."

இவர் எஞ்ஜினை அணைத்தார். மஞ்சள் லைட்டை அணைக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஜீப் ஹார்ன் அடித்தது. மறுபடி அடித்தது.  சத்தம் போடாத முத்துவீரனை அன்றுதான் பார்த்தேன்.

கோகிலா கதவைத் திறந்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, எங்கள் வேனுக்கும் ஜீப்புக்கும் நடுவில் போய் நின்றாள். வெள்ளையம்மா பதறிக்கொண்டு குடையோடு பின்னால் ஓடினாள். நானும் இறங்கினேன். ஜீப்பின் கண்ணாடி இறங்கியது. தொரை எட்டிப் பார்த்தார். என்ன விஷயம் என்று தமிழிலேயே கேட்டார்.

"இவன் கானுலதான் பொறந்தான் தொரை," என்றாள் கோகிலா. "ஒங்க ஜீப்புன்னு நெனச்சு எறங்குனோம். இவனுக்கு முந்தி ஒரு புள்ளைய இந்தப் பாலத்துலயே விட்டுட்டேன். இனி எறங்க மாட்டேன்."

 தொரையின் முகத்தைக் கண்டதும் வெள்ளையம்மாவின் கை தானாகக் குடையை மடக்கிவிட்டது. பாலத்தில் கான் இல்லை. அவள் கால் ஓரத்தில் எங்கேயோ இடம் தேடியது.

கோகிலா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "மாமி, கொடைய விரிங்க. புள்ள நனையுது."

வெள்ளையம்மா என்னைப் பார்த்தாள், தொரையைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். குடையை விரித்தாள். தொரை ஜயசேனவிடம் ஏதோ சொன்னார். ஜீப் மெல்லப் பின்னால் போனது.

வேனில் ஏறிய பிறகும் வெள்ளையம்மா குடையை மடக்கவில்லை. அதன் கம்பி லயம் வரை என் கன்னத்தில் குத்திக்கொண்டே வந்தது. மடக்குங்கள் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.