ஊறுகாய் பாட்டிலில் ஒரு புதிய இனம்

ஆய்வுக்கூடத்து அக்காவை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருபவை அவருடைய மேசையில் இருந்த இரண்டு ஊறுகாய் பாட்டில்கள்தான். உள்ளே ஊறுகாய் கிடையாது. ஆல்கஹாலில் ஊறும் கடல் நத்தைகள். ஒன்றில் கடலூர் துறைமுகப் பாறைகளில் பொறுக்கியவை. தடித்த ஓடு, மேலெல்லாம் முண்டு முண்டாகப் புடைப்பு. இன்னொன்றில் சிதம்பரம் பக்கத்துக் கழிமுகச் சேற்றில் எடுத்தவை. மெல்லிய ஓடு, வழவழவென்று இருக்கும். பார்த்தால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சேற்று நத்தை இதுவரை யாரும் பெயர் வைக்காத புது இனம் என்று அக்கா கருத்தரங்க மேடையிலேயே அடித்துச் சொல்லிவிட்டார். அவருடைய முனைவர் பட்ட ஆய்வே அந்த ஒரு பேச்சின் மேல்தான் நின்றது.

நான் அதே கூடத்தில் மரபணு பார்க்கிறவள். எங்களுக்குள் ஓயாத வம்பு. "ஓட்ட பாத்தா போதும்டி, ஜாதகமே சொல்லிடுவேன். உன் மெஷினு எதுக்கு?" என்பார். குறிஞ்சிப்பாடிக்காரருக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனால் மரபணுச் சான்று இல்லாமல் புது இனம் என்றால் இன்று யார் ஒப்புக்கொள்வார்கள்? முனகிக்கொண்டே இரண்டு வகையிலிருந்தும் சதைத் துணுக்கு எடுத்துக் கொடுத்தார்.

முடிவு வந்தது. பாறை நத்தை, நத்தைதான். சேற்று நத்தை, நண்டு! செத்த நத்தையின் காலி ஓட்டில் துறவி நண்டு குடியேறும் கதை எங்கள் துறையில் யாருக்குத் தெரியாது? ஓட்டின் அழகில் மயங்கிய அக்கா, இடுக்கியை உள்ளே விட்டு, அகப்பட்ட சதையைக் கிள்ளிக் கொடுத்திருக்கிறார். "ஐயையோ, வாடகைக்கு இருக்கறவன புடிச்சி வீட்டு ஓனர்னு எழுதிட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போதும் போனில் பேசினால் அந்த நண்டை இழுக்காமல் நான் விடுவதில்லை.

மறுபடி உயிருள்ள நத்தைகளாகப் பார்த்துப் பிடித்து வந்தோம். இந்த முறை சிரிப்பு வரவில்லை. இரண்டும் ஒரே இனம். அலை மோதும் பாறையில் வளர்ந்தால் ஓடு தடிக்கிறது, அமைதியான சேற்றில் மெலிகிறது, அவ்வளவுதான். "போச்சுடி, எல்லாம் போச்சு" என்றார் அக்கா. மதியச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை. என் மெஷின் ஜெயித்ததில் எனக்கு ஒரு துளி சந்தோஷம் இல்லை. மறுநாள் காலை வந்தவர், ஒரே நத்தைக்கு ஏன் இரண்டு விதமான ஓடு என்று ஆய்வேட்டில் அந்த அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து திருப்பி எழுத உட்கார்ந்தார்.

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு எங்கள் பக்கம் கல்யாணம் மாதிரிதான். ஸ்வீட், காரம், காபி எல்லாம் உண்டு. அக்காவின் மாமியார் திட்டக்குடியிலிருந்து சனங்களைத் திரட்டி வந்து, பட்டுப்புடவையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆங்கிலம் ஓட ஓட அந்த வரிசையில் கொட்டாவி. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கடைசியில் தமிழிலேயே கேட்டார்: "கருத்தரங்குல ரெண்டு இனம்னு சாதிச்சது நீங்கதானேம்மா? இப்ப எப்படி ஒண்ணாச்சு?"

அக்கா தயங்கவே இல்லை. "ஆமாங்க சார். அவுங்க ஒரே குடும்பம். நான்தான் அவசரப்பட்டு பாகம் பிரிச்சிட்டேன். தப்புன்னு தெரிஞ்சிது, சேத்து வச்சிட்டேன்."

முன்வரிசைக்கு அன்று முழுசாகப் புரிந்தது அது ஒன்றுதான். முதலில் கைதட்டியவர் மாமியார்.