மதிலுக்கு மேலே வந்த கை

பேய், பிசாசு, சொப்பனத்தில் வந்து சொன்னது, இதெல்லாம் எனக்கு ஆகாது. சபையில் யாராவது எழுந்து நின்று தரிசனம் கண்டேன் என்றால், நான் வெளியே விட்ட செருப்பு நனையுமே என்று யோசித்துக்கொண்டிருப்பேன். ஐந்தாவது வரை படித்தவள். அடுப்பும் அரிசியும் தெரியும். நடந்ததை எழுதிக் கொடு என்று கேட்டார்கள், எழுதுகிறேன். நீங்கள் நம்பாவிட்டால் கோபம் இல்லை. எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

பாரிவாக்கத்தில் ஒரு விடுதியில் சமைக்கிறேன். மிஷனெரிகளின் பிள்ளைகள் தங்குகிற விடுதி. அப்பாவும் அம்மாவும் ஒடிசா, ஜார்க்கண்ட் என்று மலை ஊர்களில் ஊழியம் செய்வார்கள். அங்கே பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் சரியாக இருக்காது. அதனால் ஆறு வயதானதும் கொண்டுவந்து இங்கே விட்டுவிட்டுப் போவார்கள். விட்டுவிட்டுப் போகிற அன்றைக்கு நான் சமையல்கட்டை விட்டு வெளியே வரமாட்டேன். அந்த முகங்களைப் பார்க்க என்னால் ஆகாது.

பதினான்கு பிள்ளைகள். வார்டன் சார் குடும்பம் மாடியில். நான் சமையல்கட்டை ஒட்டின அறையில் தனியாக. வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. அதில் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

ஜெமி என்கிற பெண் ஜூன் மாதம் வந்து சேர்ந்தாள். அவளைப் பெற்றவர்கள் திருநெல்வேலிப் பக்கம். ஒடிசாவில் ஒரு மலைக் கிராமத்தில் இருந்தார்கள். அப்பா பாடம் சொல்லிக்கொடுக்கிறவர், அந்த அம்மா நர்ஸ். சுற்றி இருக்கிற ஏழெட்டு ஊருக்கும் பிரசவம் பார்க்க அந்த அம்மா ஒருத்திதான். அதனால் பிள்ளை வளர்ந்தது பக்கத்து வீட்டுப் பெண்ணின் இடுப்பில். அந்த ஊர்க்காரி, சபையில் சேராதவள். ஜெமி அவளை மவுசி என்று கூப்பிடுவாள். சின்னம்மா என்று அர்த்தமாம். அவள் பாஷைதான் ஜெமிக்கு முதலில் வந்தது, தமிழ் அப்புறம்தான்.

விட்டுப் போகிற அன்று அந்த அம்மாவே சமையல்கட்டுக்குள் வந்துவிட்டார்.

"யக்கா, இவளுக்குத் தமிழ் கொஞ்சம் கொறச்சல். பசிக்குன்னு சொல்லத் தெரியும். சொல்லலன்னா நீங்களே பாத்துக் குடுத்துருங்க."

ஜெமி ஒருநாளும் பசிக்கிறது என்று சொல்லவில்லை.

தட்டில் போட்டால் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு வாய். மிஞ்சினால் மூன்று. இட்லி, தோசை, நூடுல்ஸ் எல்லாம் செய்து பார்த்தேன். மற்ற பிள்ளைகள் அவள் தட்டையும் காலி செய்துவிட்டுப் போகும். ஐப்பசி வருவதற்குள் பள்ளிக்கூட கவுன் தோளில் நிற்கவில்லை, ஊக்கு போட்டுப் பிடித்தேன். பூந்தமல்லியில் டாக்டரிடம் காட்டினோம். உடம்பில் கோளாறு இல்லை, மனசுதான், இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்து ட்ரிப் ஏற்ற வேண்டிவரும் என்றார். வார்டன் சார் வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்து ஜெபித்தார்.

"சார், நீ பட்டினி கெடந்தா அவ துன்னுவாளா?" என்று கேட்டேன்.

"ரோசி, நீ வாய மூடிகினு உப்புமாவ கிண்டு" என்றார்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு அவளுடைய அப்பா அம்மா போன் செய்வார்கள். அவர்கள் ஊரில் சிக்னல் கிடையாது, ஒரு மலை ஏறி வந்து பேச வேண்டும். எடுத்ததும் அந்த அம்மா கேட்பது ஒன்றுதான்.

"சாப்பிட்டாளாக்கா?"

நான் பொய் சொல்வதில்லை. "ரெண்டு வாய்ம்மா" என்பேன். அப்புறம் கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம்தான் கேட்கும். நவம்பரில் ஒருநாள் சொன்னார், "கிறிஸ்மஸ் வரைக்கும் பாக்கோம்க்கா. அதுக்குள்ள சரியாவலன்னா நாங்க மூட்டைய கட்டிட்டு வந்துருதோம். இங்க மூணு பேரு மாசமா இருக்காளுவ. அவளுவள யாரு பாப்பா? ஆனா எம்புள்ள செத்துட்டா நான் என்னக்கா செய்ய?"

எனக்கு அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

அந்த மாதம் நல்ல மழை. எங்கள் விடுதிக்குப் பின்னால் ஒரு காலி மனை. முன்பு பக்கத்தில் மாடு வளர்க்கிற கோவிந்து அண்ணனின் வயலாம், இப்போது மனையாக விற்றது போக மீதி. எங்கள் தரையைவிடப் பள்ளம். மழை வந்தால் இடுப்புவரை தண்ணீர் நிற்கும், மேலே பச்சைப் பாசி மூடிவிடும். நடுவில் எங்கள் மதில். இந்தப் பக்கம் என் கழுத்து உயரம். அந்தப் பக்கம் ஆள் நின்றால் மதில் தலைக்கு மேலே போகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சனிக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் படுத்திருந்தார்கள். மணி மூன்று இருக்கும். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் இரும்புக் கரண்டியால் ரவை வறுத்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம். சின்னப் பிள்ளை சிரிப்பு. யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம், ஜெமி சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை.

எட்டிப் பார்த்தேன். ஜெமி மதிலை ஒட்டிக் குந்தியிருந்தாள். மதிலுக்கு மேலே இருந்து ஒரு கை கீழே வந்திருந்தது. பெண்ணின் கை. கறுத்த கை. இரண்டு பித்தளை வளையல். புறங்கையில் வரிசையாகப் பச்சை குத்தின புள்ளிகள். விரல்களில் சுட்ட கிழங்கு மாதிரி ஏதோ, தோல் கருகி. அதைப் பிய்த்துப் பிய்த்து ஊட்ட, ஜெமி வாங்கி வாங்கித் தின்றாள். நடுநடுவே அந்த ஊர் பாஷையில் கொட்டித் தள்ளினாள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் மெதுவாகப் பதில் சொன்னது.

இப்போது யோசித்தால் பிள்ளை சாப்பிடுகிறாள் என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அப்போது எனக்கு அது தோன்றவில்லை. அந்தச் சமயம் ஊரில் எல்லார் போனிலும் பிள்ளை பிடிக்கிறவர்கள் திரிகிறார்கள் என்று படம் படமாக வந்துகொண்டிருந்தது, கேட்டைப் பூட்டாமல் விட்டால் வார்டன் சார் என்னைக் கொன்றுவிடுவார், நான் கையில் இருந்த கரண்டியோடேயே ஓடி, "யார்டி அவ? புள்ளையா புடிக்க வந்த?" என்று அந்த மணிக்கட்டின் மேலேயே போட்டேன்.

சுர்ரென்றது. என் காதால் கேட்டேன்.

அடி வாங்கின கை சட்டென்று இழுத்துக்கொள்ளும், இல்லையா? அது இழுத்துக்கொள்ளவில்லை. மெதுவாகத் திரும்பியது. உள்ளங்கை மேலே பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றது. ஏதோ கேட்கிற மாதிரி. அப்புறம் மதிலுக்குப் பின்னால் போய்விட்டது. தண்ணீர் சலசலப்பு ஒன்றும் இல்லை.

தண்ணீர் டிரம்மை உருட்டிவந்து கவிழ்த்து, ஏறி மதிலின் அந்தப் பக்க அடியை எட்டிப் பார்த்தேன். தண்ணீர். அதன்மேல் பாசி, ஓர் இடத்திலும் கலையாமல். ஓர் ஆள் வேண்டாம், ஒரு நாய் இறங்கியிருந்தால்கூடப் பாசி விலகியிருக்கும்.

மனைக்கு அந்தக் கோடியில் கோவிந்து அண்ணன் மாட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாத்தே! இந்தப் பக்கம் ஒரு பொம்பள போனாளா?"

"எந்தப் பக்கம்?"

"இங்க, மதிலாண்ட."

"இன்னாம்மா வெளாட்றியா? இடுப்பு மட்டும் தண்ணி நிக்குது, உள்ள பாம்பு வேற கீது. எவ வந்து நிப்பா? நான் ஒரு மணி நேரமா இங்கதான் கீறேன். நீதான் கத்திகினு கெடக்குற."

இறங்கினேன். ஜெமி அதே இடத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். வாயைச் சுற்றிச் சாம்பல். என் முந்தானையால் துடைத்தேன், கரியாக ஒட்டியது.

"யாரு அது?"

"மவுசி."

சமையல்கட்டில் போய் உட்கார்ந்தேன். ரவை தீய்ந்துவிட்டது.

அன்றைக்கு நான்கு மணிப் போன் தாமதமாக வந்தது. அந்த அம்மா அவசரமாகப் பேசினார்.

"யக்கா, இன்னைக்கு ரெண்டு நிமிஷந்தான். மவுசிக்கு மத்தியானத்துலருந்து காய்ச்ச, நெனவே இல்ல. பக்கத்துலயே இருந்தேன், இப்பதான் ஜெமி அப்பாவ உக்கார வச்சிட்டு ஓடியாரேன். ஜெமிகிட்ட சொல்லிராதீங்க. சாப்பிட்டாளா?"

"துன்னாம்மா. வயிறு ரொம்ப துன்னா."

அந்த அம்மா போனிலேயே அழுதுவிட்டார். எதை, யார் கொடுத்து என்று நான் சொல்லவில்லை.

மறுநாளில் இருந்து ஜெமி அந்த இரண்டு வாயையும் நிறுத்திவிட்டாள். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீ அட்ச்ச" என்பாள். அவ்வளவுதான். புதன்கிழமை பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். குளுக்கோஸ் ஏற்றிக் கூட்டிவந்தோம். வார்டன் சார் அவள் அப்பாவுக்குச் சொல்லி அனுப்ப ஆள் பார்த்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் நான் ஒன்று செய்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. யாரும் இல்லாதபோது மதிலருகே போய் நின்று, "தப்பாயிடுச்சி. தெரியாம அட்ச்சிட்டேன். வாம்மா, இனிமே அடிக்க மாட்டேன்" என்றேன். தமிழில் சொன்னால் அவளுக்கு என்ன புரியும்? அரைமணி நேரம் நின்றேன். யாரும் வரவில்லை. தண்ணீரில் தவளை மட்டும் கத்தியது.

அப்புறம் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாங்கிவந்தேன். பின்பக்கம் மூன்று கல் வைத்து, விறகு மூட்டி, சாம்பலில் புதைத்துச் சுட்டேன். தட்டு இல்லை, மேசை இல்லை. அவள் குந்தியிருந்த இடத்தில் அவளை உட்காரவைத்து, நான் நின்றபடி, அந்தக் கை செய்த மாதிரியே மேலே இருந்து பிய்த்து நீட்டினேன்.

ரொம்ப நேரம் என் கையையே பார்த்தாள். என் கை நோவெடுத்தது, நான் கையை எடுக்கவில்லை. அப்புறம் வாயைத் திறந்தாள்.

அன்றைக்கு முழுக் கிழங்கு. மறுநாள் கிழங்கும் பிசைந்த சோறும். அப்படித்தான் வழிக்கு வந்தாள். வார்டன் சார் ஜெபம் கேட்கப்பட்டது என்று சபையில் சாட்சி சொன்னார். சொல்லட்டும்.

சனிக்கிழமை அந்த அம்மா போனில் முதல் கேள்வியை மாற்றிக் கேட்டார்.

"யக்கா, போன சனிக்கெழம மூணு மணிக்கு நீங்க எங்க இருந்தீய?"

"இன்னாத்துக்கும்மா?"

மவுசிக்கு அன்று சாயங்காலமே நினைவு வந்துவிட்டதாம். எழுந்து உட்கார்ந்ததும், பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தேன் என்றாளாம். தண்ணீருக்குள் நின்றேன், நடுவில் சுவர், பிள்ளை எலும்பாகிவிட்டது, ஊட்டினேன், இடது புருவத்தில் தழும்பு உள்ள ஒருத்தி வந்து சூடு போட்டுவிட்டாள் என்றாளாம்.

என் இடது புருவத்தில் தழும்பு உண்டு. குக்கர் மூடி தெறித்தது.

"உங்களப் பத்தி நான் அவகிட்ட ஒரு வார்த்த சொன்னதில்லக்கா. அவ மணிக்கட்டுல பெறை மாதிரி சுட்ட காயம். அடுப்புல பட்டிருக்கும்னு அவுக சொல்லுதாவ. எந்த அடுப்பு? அவ என் கண்ணு முன்னால கட்டில்ல கெடந்தா. கைகூட அசைக்கல. நானே அந்தக் காயத்துக்கு மருந்து போட்டேன்."

நான் நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும்.

அந்த அம்மா குரலைத் தணித்துச் சொன்னார்.

"இங்க இவங்க தூக்கத்துல உசுரு வெளிய போயி ஊரு சுத்தும்னு சொல்லுவாங்க. அதெல்லாம் பொய்யி, விட்டுருங்கன்னு நாங்கதான்க்கா எட்டு வருஷமா சொல்லுதோம். வார்டன்கிட்ட சொல்லாதிய. அவுககிட்டயும் நான் சொல்லல."

"சரிம்மா."

"யக்கா."

"சொல்லும்மா."

"மறுபடி வந்தா அடிக்காதிய."

அவர்கள் ஊழியத்தை விட்டு வரவில்லை. கிறிஸ்துமஸுக்குள் ஜெமிக்குக் கன்னத்தில் சதை வைத்துவிட்டது. அதற்கப்புறம் மதிலுக்கு மேலே எந்தக் கையும் வந்து நான் பார்க்கவில்லை. தை மாதம் தண்ணீர் வற்றிவிட்டது. எனக்கும் மனம் கொஞ்சம் அடங்கியது. ஏதோ நடந்தது, முடிந்தது என்று இருந்தேன்.

மே மாத லீவுக்கு ஜெமி ஊருக்குப் போனாள். ஜூனில் திரும்பி வந்தபோது நன்றாக உயர்ந்திருந்தாள். அவளுடைய அம்மா, "என்னக்கா, எம்புள்ள உங்கள மாதிரியே இன்னா, கீதுன்னு பேசுதா" என்று சிரித்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தேன்.

"அக்கா, மவுசிக்கு உன்ன நல்லா தெரியுமாம்."

"அதான் அன்னிக்கு பாத்தாளே."

"அது இல்ல. அப்பால நெறைய வாட்டி வந்தாளாம்."

பின்னல் என் கையில் நழுவியது. "உன்ன பாக்கவா?"

"இல்ல. நான்தான் துன்றேனே. உன்ன பாக்க."

"என்ன இன்னாத்துக்கு பாக்கணும்?"

"நீ தூக்கத்துல அழுவுறியாம். பக்கத்துல குந்திகினு தலைய தடவி வுடுவாளாம். காயம் ஆறிடுச்சின்னு உன்கிட்ட சொல்ல சொன்னா."

நான் தூக்கத்தில் அழுவேன். சின்ன வயதிலிருந்தே. இந்த விடுதியில் ஒருவருக்கும் தெரியாது. விடியும் முன்னால் எழுந்து தலையணை உறையை அலசிப் போட்டுவிடுவேன். அறையை உள்ளே தாழ் போட்டுத்தான் படுப்பேன்.

இன்றைக்கும் தாழ் போடுகிறேன். போட்டுவிட்டு, கட்டிலில் சுவரோரமாக ஒதுங்கிப் படுக்கிறேன். இந்தப் பக்கம் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் இருக்கும்.