அடியில் வைக்க வேண்டிய துணி

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ரங்கூனில், போட்டாதாங் படகுத்துறைக்கு இரண்டு தெரு தள்ளி, மரப்படி ஏறிப் போகும் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். அப்பா துறைமுகக் கிடங்கில் மேஸ்திரி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவட்டமாகக் கப்பலேறி வந்தவர். அம்மா பர்மாக்காரி. பர்மியப் பிள்ளைகளைப் போல அவளை நான் ‘அமே’ என்றுதான் கூப்பிடுவேன்.

எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. என் கணவர் ஒரு மரக் கம்பெனியில் குமாஸ்தா. தகப்பனார் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று ஊரிலிருந்து தந்தி வந்ததும், கையில் கிடைத்த ஒரு பையோடு அடுத்த கப்பலில் போய்விட்டார். இனி அங்கேயே இருந்து தகப்பனாரின் கடையைப் பார்க்க வேண்டுமாம். என் துணிமணிகளையும் அவர் விட்டுப்போன துணிகளையும் எடுத்துக்கொண்டு என்னை அழைத்துப் போக அவருடைய அக்கா வருவதாகக் கடிதம் வந்தது.

இதில் ஒரு பொய் இருந்தது. பெண்ணுக்குத் தாய் இல்லை, அவளும் நம் சனம்தான், சின்ன வயதிலேயே போய்விட்டாள் என்று கல்யாணத்தின்போது அப்பா ஊருக்கு எழுதியிருந்தார். என் கணவருக்கு உண்மை தெரியும். அவருக்கு என்னைப் பிடித்திருந்தது, அதனால் வாயை மூடிக்கொண்டார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது, நானும் மூடிக்கொண்டேன். தினமும் எங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவளை இப்படி மூன்று பேருமாகச் சேர்ந்து சாகடித்திருந்தோம். உண்மை தெரிந்தால் புகுந்த வீட்டில் என்னை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

நாத்தனார் இருக்கும் நாலு நாளும் அமேயை ஓடைக்கு அக்கரையில், தாகேதாவில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார் அப்பா. அமே வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பொண்ணு பெட்டி யார் அடுக்கறது?” என்றாள்.

“அவளே அடுக்குவா.”

“அவளுக்குத் தெரியாது. நான் இருக்கேன். வேலைக்காரி சொல்லு.”

அப்பா தலையை ஆட்டினார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும் என்று தெருவே சொல்லும். அந்தக் கோபம் அன்றைக்கு எங்கே போய்ப் படுத்துக்கொண்டதோ தெரியவில்லை.

என்ன உடுத்தலாம், என்ன கூடாது என்று என் கணவர் ஏற்கெனவே விவரமாக எழுதியிருந்தார். ரவிக்கைக் கை முழங்கையைத் தொட வேண்டும். உடம்பு தெரிகிற மல் துணி ஆகவே ஆகாது. தெருவில் செருப்புப் போட்டு நடந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும், கொண்டையில் சீப்புச் செருகினால் அவருடைய அம்மா மயங்கி விழுவாள். மூச்சு விடலாமா என்று கேட்டு நான் பதில் எழுதினேன். அதற்கு அவர் பதில் போடவில்லை.

பிறந்ததிலிருந்து நான் உடுத்தியது தமெய்ன்தான். பர்மியப் பெண்கள் இடுப்பில் சுற்றிச் செருகும் கைலி அது. மேலே கண்ணாடிப் பொத்தான் வைத்த மெல்லிய சட்டை. சேலை என்றால் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும். ஒரு நாள் முழுக்கச் சேலையில் இருந்தால் அவிழ்ந்துவிடுமோ என்று கையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு திரிவேன். சூரத்திக்காரர் கடையில் எட்டுச் சேலை வாங்கினோம். லத்தா தெருவில் ஒரு சீனர் கடையில் பச்சைப் பெயின்ட் அடித்த தகரப் பெட்டி வாங்கினோம். என் ஆறு தமெய்னையும் அமே மடித்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். மீன் ஊறவைத்த ஙாப்பி ஜாடியும் அதே வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று.

ஒன்றே ஒன்றை மட்டும் நான் கொடுக்கவில்லை. அது என்னுடையதும் அல்ல. அமே திருவிழா நாட்களில் மட்டும் உடுத்தும் பட்டுத் தமெய்ன், அலை அலையாகக் கோடு ஓடும் பச்சை. அதை அவளிடம் கேட்டேன். முதலில் முடியாது என்றாள், பிறகு கொண்டுவந்து என் மடியில் போட்டாள். பெட்டியின் அடியில் விரித்திருந்த செய்தித்தாளைத் தூக்கி, அதற்கும் கீழே அதைத் தட்டையாக வைத்தேன். அந்த ஊரில் அதை உடுத்த முடியாது, யாருக்கும் காட்டவும் முடியாது. ஆனாலும் அது இல்லாமல் நான் கப்பலேற மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன்.

நாத்தனார் வந்து இறங்கினாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். சின்ன வயதிலேயே கணவனை இழந்தவள். வெள்ளைச் சேலை, ரவிக்கை கிடையாது. தூரத்துச் சொந்தக்காரர் குடும்பம் ஒன்றோடு கப்பலில் வந்து, அவர்களோடேயே திரும்புவதாக ஏற்பாடு. வாசலில் நின்று வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அமேயையும் பார்த்தாள்.

“இது ஆரு?”

“வேலைக்கு இருக்கிறவ” என்றார் அப்பா.

அந்தக் கணத்திலிருந்து அமே தன் சமையலறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. வேற்று ஆள் தொட்டதை நாத்தனார் சாப்பிட மாட்டாள் என்பதால் நான்தான் சமைத்தேன், மகா மட்டமாக. உப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அமே நிலைப்படிக்கு வெளியே குந்தி உட்கார்ந்து, கண்ணாலேயே அலமாரியின் இரண்டாவது தட்டைக் காட்டினாள். அவளை நான் கூப்பிடவே இல்லை. ‘அமே’ என்று சொல்ல முடியாது, வேறு எதைச் சொல்லவும் நாக்கு எழவில்லை. ஏதாவது வேண்டுமானால் அவள் இருக்கும் பக்கம் பார்த்துப் பேசுவேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் நாத்தனார் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். பாயை விரித்துப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு துணியாக எடுத்து உதறிப் பார்த்தாள்.

“ஏளா, இந்த ரவிக்கையைப் போட்டுக்கிட்டு நீ தெருவுல எறங்கினேன்னா நாய்கூடப் பொறத்தாலயே வரும். கையை எறக்கித் தைக்கணும், இல்லன்னா தூரப் போடு.”

“தைச்சுப் போட்டுக்கிடுதேன், மதினி.” அவள் பேச்சு அதற்குள் என் வாயிலும் தொற்றியிருந்தது.

“இது என்ன, வெள்ளைச் சேலை? சுமங்கலி உடுத்துத சேலையா இது? எடு அங்கிட்டு.”

சேலைகள் வெளியே வந்தன. கணவரின் வேட்டிகளும் சட்டைகளும் அல்பாகா கோட்டும் வெளியே வந்தன. அடியில் செய்தித்தாள் தெரிந்தது. அவள் விரல் தாளின் ஓரத்தைத் தடவியதை நான் பார்த்தேன். தாள் சுருங்கியிருந்த இடத்தை உள்ளங்கையால் நீவிவிட்டு, திரும்ப அடுக்க ஆரம்பித்தாள். முதலில் வேட்டிகள், கோட்டு, சட்டைகள். அவற்றின் மேல் என் சேலைகள், அதற்கும் மேல் என் உள்பாவாடைகள்.

ஜன்னலோரம் துடைத்துக்கொண்டிருந்த அமேயின் கை நின்றது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பர்மியர் வீட்டில் பெண்ணின் கீழுடை ஆணின் துணிக்கு மேல் இருக்கக் கூடாது. ஆணுக்கு ‘போங்’ என்று ஒரு மகிமை உண்டாம். பெண் இடுப்பில் கட்டிய துணி அவன் தலைக்கு மேலேயோ அவன் துணிக்கு மேலேயோ கிடந்தால் அது குறைந்துபோய் அவனுக்குக் கெடுதல் வருமாம். எங்கள் வீட்டுக் கொடியில் அமேயின் தமெய்ன் எப்போதும் முழங்கால் உயரத்தில்தான் தொங்கும், அப்பா மறந்துகூட அதற்கு அடியில் நுழைந்துவிடக் கூடாதென்று. அப்பா சிரிப்பார். அவள் சிரிக்க மாட்டாள்.

அமே எழுந்து வந்தாள். ஈரக் கையைத் தன் இடுப்பில் துடைத்துக்கொண்டு, நாத்தனாரைத் தாண்டிப் பெட்டிக்குள் கையை விட்டு, என் பாவாடைகளை அள்ளி வெளியே எடுத்தாள்.

“ஆம்பளை துணி மேல பொம்பளை துணி வைக்காதே. அடியில வை. என் மருமகனுக்கு ஆகாது.”

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. பாவாடைகளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

நாத்தனார் தலையைத் தூக்கவில்லை. “ஆருக்கு மருமவன்?” என்றாள், என்னைப் பார்த்து அல்ல, பெட்டியைப் பார்த்து.

நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். வாய் தானாகத் திறந்துகொண்டது. “அவ வேலைக்காரி, மதினி. தமிழ் சரியா வராது, யாரைப் பாத்தாலும் மருமகன்னுதான் சொல்லுவா.” அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அமேயின் பக்கம் திரும்பி, கையை நீட்டிச் சொன்னேன். “பெட்டியைத் தொடாதே. உன் வேலை தரையைத் துடைக்கிறது. போய்த் துடை.”

என்னைப் பெற்றவளை நான் கைநீட்டி விரட்டினேன். அதைச் சொல்லும்போது என் குரல் நடுங்கக்கூட இல்லை. அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அமே பாவாடைகளைப் பாயில் வைத்தாள், மடிப்புக் கலையாமல். பிறகு போய்த் துடைத்தாள். நாத்தனார் எல்லாத் துணியையும் மறுபடி வெளியே எடுத்து, பாவாடைகளை அடியில் வைத்து, சேலைகளை வைத்து, அதன் மேல் தன் தம்பியின் வேட்டிகளை வைத்தாள். “கனமான துணி மேல இருந்தா அமுங்கிக் கெடக்கும்” என்றாள். நான் அதை நம்பினேன். தப்பித்தோம் என்று மட்டும்தான் அப்போது தோன்றியது.

புறப்படும் நாள் காலையில் அப்பாவும் நானும் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தோம். நாத்தனார் வீட்டிலேயே இருந்தாள். நாங்கள் திரும்பியபோது பெட்டி பூட்டிக் கயிறு கட்டித் தயாராக இருந்தது. குதிரை வண்டி கீழே நின்றது. மூத்தவர் காலில் விழுந்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அப்பாவின் காலில் விழுந்தேன். இரண்டடி தள்ளி அமேயின் கால்கள் தெரிந்தன. வேலைக்காரியின் காலில் யாரும் விழுவதில்லை. எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டேன். அமே என் தலைக்குப் பக்கத்தில் இருந்த தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் மட்டும் படியில் கால் வைத்தவள் திரும்பி, அமேயைப் பார்த்துக் கைகூப்பி, “போயிட்டு வாறேன்” என்றாள். வேலைக்காரிக்கு என்ன இவ்வளவு மரியாதை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

கப்பலில் அந்தப் பெட்டியின் மேல் தலைவைத்துத்தான் படுத்தேன். அடியில் பச்சைப் பட்டு இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். என்றைக்காவது, கதவைச் சாத்திக்கொண்டு, அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொள்ளலாம். நான் சொன்னதை அது எப்படியோ கொஞ்சம் சரிக்கட்டிவிடும் என்று ஒரு கணக்கு.

கப்பலும் ரயிலும் மாட்டு வண்டியுமாக ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள், மாமியார் பெட்டியைக் கூடத்தில் வைக்கச் சொன்னாள். ரங்கூன் மருமகள் என்ன கொண்டுவந்தாள் என்று பார்க்கத் தெருப் பெண்கள் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வேட்டிகள் வந்தன. சேலைகள் கை மாறின. பாவாடைகளும் வந்து, பெட்டி காலியாயிற்று. நல்லவேளை முடிந்தது என்று நினைக்கும்போது, “கப்பல் கரப்பான் கெடக்கும்” என்று சொல்லி மாமியார் பெட்டியின் காதைப் பிடித்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

செய்தித்தாள் பறந்து தரையில் விழுந்தது. அதன் பின்னால் ஒன்றும் விழவில்லை. அவள் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டினாள். கொஞ்சம் தூசிதான் விழுந்தது.

கொல்லைப்புறம் கிணற்றடிக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை. துவைகல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னாலேயே நாத்தனார் வந்தாள்.

“தேடாதே. உங்க அம்மா எடுத்துட்டா” என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன்.

“நீங்க கோயிலுக்குப் போனீகள்லா, அப்பம். எனக்கு வந்த அன்னைக்கே தெரியும்ளா. நீ சோத்தைக் குழைய விடும்போதெல்லாம் அவ மொகத்தைப் பாக்கணுமே. வேலைக்காரி எவளுக்காவது அப்படிக் கண்ணு கலங்குமா? நீயா சொல்லுவேன்னு இருந்தேன்.”

“நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமே, மதினி.”

“நான் என்னத்தச் சொல்ல? ஒன் அம்மையை நீதான் சொல்லணும்.” அவள் கிணற்றுக் கயிற்றைச் சுருட்டி வைத்தாள். “அந்தப் பட்டை எடுக்காதே, இருந்துட்டுப் போட்டும், அங்க நான் பாத்துக்கிடுதேன்னு அவகிட்டச் சொன்னேன். கேக்கல.”

“என்ன சொன்னா?”

“‘பொண்ணு என்னை வேலைக்காரி சொல்லிட்டா. வேலைக்காரி துணி பெட்டியில இருந்தா, அவ பொய் சொன்னது ஆயிடும்’னா. தாளை நீவி விரிச்சுட்டு, தம்பி வேட்டி மேல இருக்கான்னு இன்னொரு தடவை பாத்துட்டுப் பூட்டுனா.”

உள்ளே பெண்கள் என் சேலைகளின் கரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். “அமே” என்றேன். இத்தனை நாளும் வாய்க்குள் அடைத்து வைத்திருந்ததை இப்போது சத்தமாகவே சொன்னேன். கேட்க வேண்டியவள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.