பங்குனியில் பூட்டிய கதவு

திருகோணமலைத் துறைமுகத்துக்குள் கப்பலில் வருகிறவன் முதலில் காண்பது கடவுள் படைத்த மலை. இரண்டாவதாகக் காண்பது நான் கட்டிய மதில். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். அதிலும் முழுதாக இருக்கவில்லை, நடுவிலேயே இறங்கிவிட்டேன். இருந்தும் இந்தத் துறைமுகப் பக்கத்தில் கூலியாட்கள் தங்கப் பதினாறு அறை கொண்ட லயன் வரிசை கட்டினேன். கப்பல்களுக்கு நல்ல தண்ணீர் ஏற்றுகிற தொட்டி கட்டினேன். கல் இல்லை என்றார்கள், கடலுக்குள் இறங்கிக் கல் எடுத்தேன். சுண்ணாம்பு இல்லை என்றார்கள், சிப்பி சுட்டேன். ஆள் இல்லை என்றார்கள், நானே சாந்துச் சட்டி சுமந்தேன். ஓர்ஸ் ஹில்லுக்கு ஏறுகிற கற்படியும் என்னுடையதுதான். அதில் ஏழாவது படி மற்றப் படிகளைவிட இரண்டு விரற்கடை உயரம். அதில் தடுக்காத வெள்ளைக்காரன் ஊரில் இல்லை. தடுக்கி விழுந்த துரை ஒருவர் "யார் இதைக் கட்டியது?" என்று கேட்டபோது நான்தான் முந்திக்கொண்டு முன்னால் போய் நின்றேன். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

நான் கட்டாததையும் சில வேளை கட்டியதாகச் சொல்லிவிடுவேன். கப்பல்களுக்கு வழிகாட்டுகிற வெளிச்சவீட்டுக்கு வெள்ளையடித்த ஆட்களில் நானும் ஒருவன். பத்து வருஷத்தில் அது, வெளிச்சவீட்டையே நான் கட்டிய கதையாக வளர்ந்துவிட்டது. தண்ணீர் ஊற்றி வளர்த்தவன் நானேதான். ஆகவே ஊரில் ஒருவரும் என் கதையை முழுதாக நம்புவதில்லை. பாதியை நம்புவார்கள். எந்தப் பாதி என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டிருந்தேன்.

ஜப்பான்காரன் வந்து குண்டு போட்டுப் போய் மூன்று வருஷம் கழிந்திருந்தது. சண்டை இன்னும் முடியவில்லை. அப்போது வாசிகசாலைக்குப் பக்கத்து அறையில் ஒரு நினைவுக்கூடம் திறந்தார்கள். அந்தக் குண்டுவீச்சு எங்கள் ஊரில் மட்டும் விழுந்த அடியல்ல, தீவு முழுவதற்கும் விழுந்த அடி. அது மறந்துபோகக் கூடாது என்று, பென்சன் எடுத்த வாத்தியார் ஒருவர் வீடு வீடாகப் போய்ச் சாமான்கள் சேர்த்திருந்தார். கேள்விப்பட்டதும் நான் வேட்டியைக் கஞ்சி போட்டுத் தோய்க்கச் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, எங்க வெளிக்கிட்டாச்சு?" என்றாள் மனைவி.

"என்ர பேரைப் பாக்கப் போறன். அந்த மனிசன் வெறுந் தோட்டாக் கோதைக்கூட விடாமல் பொறுக்கி வைச்சிருக்கிறாராம். நான் கட்டின பதுங்குகுழியை விட்டிருப்பாரோ?"

"ஓம், ஓம். குண்டைப் போட்டதும் நான்தான் எண்டு சொல்லிப்போட்டு வராதேங்கோ."

அறை சின்னது. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே பாதி உருகிய பித்தளைக் கேத்தல் ஒன்று, சல்லடையாகிப்போன தகரக் கூரைத் துண்டு, எண்ணெய்த் தாங்கி எரிந்த புகை படிந்து கறுத்த வலை, விழுந்த விமானத்தின் வாலில் ஒரு சாண் தகடு. சுவரில் இறந்தவர்களின் பெயர்கள். சனங்கள் அதன் முன்னால் கைகட்டி நின்றார்கள். ஒரு மனிசி விரலால் ஒரு பெயரைத் தொட்டுத் தொட்டு அழுதது. நான் சால்வையைச் சரிசெய்துகொண்டு அட்டை அட்டையாக என் பெயரைத் தேடினேன். இறந்தவர்களின் பட்டியலிலும் ஒருமுறை தேடினேன் என்றால் சிரிப்பீர்கள். பழக்கதோஷம்.

கடைசி மேசையில் கறுப்புத் துணியின் மேல் ஓர் ஆமைப்பூட்டு இருந்தது. பூட்டியபடியே இருந்தது. கீழே அட்டை. நான் எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தேன்: "பதுங்குகுழிக் கதவின் பூட்டு. காவற்காரர் திறப்புடன் ஓடிவிட்டதால் தொழிலாளர் உள்ளே புகமுடியாமல் தவித்தனர்."

அந்தப் பூட்டு என்னுடையது.

லயனுக்குப் பக்கத்தில், பாதி நிலத்துக்குள்ளும் பாதி வெளியிலுமாக அந்தப் பதுங்குகுழியை நான்தான் கட்டினேன். பங்குனி நடுவில் வேலை முடிந்தது. மேசன் வேலை தொடங்கிய நாளிலிருந்து நான் மாற்றாத ஒரு வழக்கம் உண்டு. நாள் பார்த்து, பால் காய்ச்சி, அதற்குப் பிறகுதான் ஆட்களை உள்ளே விடுவேன். சாத்திரியாரிடம் போனேன்.

"பங்குனியில குடிபுகக் கூடாது. சித்திரை பிறக்கட்டும்" என்றார்.

"அது வீடில்லை, சாத்திரியார். குண்டுக்குப் பதுங்கிற இடம்."

"கதவிருக்கோ?"

"இருக்கு."

"அப்ப வீடுதான்."

எனக்கு அது பெரிய நியாயமாகப் பட்டது. பால் காய்ச்சப் புதுப்பானையும் வாங்கி, கதவில் ஆமைப்பூட்டைக் கொழுவி, திறப்புச் சாவியை என் அரைநாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். அங்கே காவலுக்கு இருந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் மனிதர். ஒரு கோழியைக்கூட உள்ளே விடக்கூடாது என்று அவரிடம் சொன்னேன்.

"முதலாளி, ஜப்பான்காரன் பஞ்சாங்கம் பாத்தா வருவான்?" என்று அவர் கேட்டார்.

"உங்களுக்கு இது விளங்காது, நானா. முதல் அடி நல்ல அடியா வைக்கோணும்."

"குண்டு விழக்குள்ள எந்தக் கால முன்னுக்கு வைக்கிற எண்டு பாக்க ஏலுமா?"

வேலையைப் பார்க்க வந்த துரையும் ஏன் பூட்டியிருக்கிறது என்று கேட்டார். பஞ்சாங்கத்தை இங்கிலீசில் சொல்ல எனக்கு ஏலாது. "நோ டிரை, சேர். சீமெந்து நோ டிரை" என்றேன். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். வெண்கலம் போலக் கேட்டது. "இன்சைட் வெட்" என்றேன். என்னிடம் இருந்த இங்கிலீசு அவ்வளவையும் அந்தப் பொய்யில் போட்டுவிட்டேன்.

சித்திரைக்கு இன்னும் சில நாளே இருந்தபோது ஒரு காலையில் அபாயச் சங்கு ஊதியது. நான் இறங்குதுறை வீதித் தேத்தண்ணிக் கடையில் இருந்தேன். தினமும் அந்த நேரம் அங்கேதான் இருப்பேன். கிளாசை வைத்தது தெரியாது, ஓடத் தொடங்கியது தெரியாது. என் கால்கள் எந்தச் சாத்திரியாரையும் கேட்கவில்லை. லயன் இருந்த பக்கம் போகவில்லை. அதற்கு எதிர்ப்பக்கம் ஓடி ஒரு மதகுக்குக் கீழே புகுந்தேன். அங்கே எனக்கு முன்னால் ஓர் ஆடு வந்திருந்தது. அது கொஞ்சம் நகர்ந்து இடம் தந்தது. மேலே வானம் கிழிவது போலச் சத்தம். வயிற்றில் ஏதோ குத்துகிறதே, காயம்பட்டுவிட்டேனோ என்று தடவிப் பார்த்தேன். அது திறப்பு.

நான் லயனுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் ஓய்ந்திருந்தது. பதுங்குகுழி ஒரு வெடிப்பும் இல்லாமல் நின்றது. என் ஆயுளில் நான் கட்டியவற்றில் அதுதான் உறுதியானது. சனங்கள் மழைத்தண்ணீர் ஓடுகிற பக்கத்துக் கானுக்குள் கிடந்து எழும்பி வந்தார்கள். சிலருக்கு இரத்தக் காயம். கதவடியில் ஓர் இரும்பு அலவாங்கு வளைந்துபோய்க் கிடந்தது. காவற்காரர் அதைக் கொண்டு பூட்டை உடைக்கப் பார்த்தார் என்றும், ஏலாமல் போகவே "நீங்க எல்லாரும் கானுக்குள்ள படுங்க, நான் முதலாளிட்டத் திறப்பு வாங்கியாறன்" என்று சொல்லி ஓடினார் என்றும் சொன்னார்கள். குறுக்கு வழியால் வந்திருந்த நான் அவரைத் தேடிப்போய்க் கண்டேன். தேத்தண்ணிக் கடைக்கு ஐம்பது அடி லயன் பக்கமாக, கடையைப் பார்த்தபடி கவிழ்ந்து கிடந்தார்.

அடுத்த நாளே கூலியாட்கள் அத்தனை பேரும் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். சொன்ன வாய்கள் எல்லாம் போயின. பிறகு விசாரணை வந்தது. கொண்டியை இரும்பறுக்கும் வாளால் அறுத்துக் கதவிலிருந்து எடுத்த பூட்டை மேசையில் வைத்துக்கொண்டு, திறப்பு யாரிடம் இருந்தது என்று கேட்டார்கள்.

"வாச்சரிட்ட" என்று காவற்காரரைச் சொன்னேன்.

நான் செய்ததை இன்னொருவர் செய்ததாக நான் சொன்னது என் சீவியத்தில் அந்த ஒரே தடவைதான்.

இப்போது நினைவுக்கூடத்தில் அந்த ஒரு சொல் அச்செழுத்து போல அட்டையில் நின்றது. நான் வாத்தியாரை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"அண்ணை, போன மாசம் வெளிச்சவீடு. இண்டைக்குப் பூட்டோ?"

"நான் பகிடி விடேல்ல, வாத்தியார். திறப்பு என்ர அரையில இருந்தது."

"கோணேசர் இருக்கிற சுவாமி மலையையும் நீங்கள்தான் கட்டினனீங்கள் எண்டு சொல்லுங்கோ, அதுக்கும் ஒரு அட்டை எழுதுறன். இஞ்ச பாருங்கோ, உங்களுக்கு ஒரு இடத்தில பேர் வரோணும், அவ்வளவுதானே? 'பதுங்குகுழியைக் கட்டியவர்' எண்டு கீழ ஒரு வரி சேர்த்துவிடுறன்."

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்கு அது போதும் போல இருந்தது. எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கும் என்றுகூடக் கேட்க வாயெடுத்தேன். அப்படிப்பட்ட பிறவி நான்.

மறுநாள் திறப்பைக் கொண்டுபோனேன். மூன்று வருஷமாக அலுமாரியில் வேட்டிகளுக்குக் கீழே வைத்திருந்தேன். வாத்தியார் பூட்டை எடுத்துத் தந்தார். பார்க்க வந்த நாலைந்து பேர் சூழ்ந்து நின்றார்கள். திறப்பு உள்ளே போனது. திரும்பவில்லை. உப்புக்காற்றில் பூட்டின் வயிறு துருவாகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். திறப்பின் காதுதான் வளைந்தது.

வாத்தியார் தன் சட்டைப்பையில் இருந்த பெட்டகத் திறப்பை எடுத்துப் பூட்டுக்குள் விட்டுப் பார்த்தார். அதுவும் உள்ளே போனது.

"பாத்தியளோ? என்ர பெட்டகத்திலும் நீங்கள் குண்டுக்குப் பதுங்கலாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவர் கொஞ்சம் இரங்கி, "விசாரணைக் கடுதாசியின்ர பிரதி என்னட்ட இருக்கு. திறப்பு வாச்சரிட்ட எண்டு உங்கட ஒப்பம் வைச்சிருக்கிறியள். எழுத்தை விட்டுப்போட்டு வாயை நம்பச் சொல்லுறியளோ?" என்றார்.

மூன்றாம் வகுப்போடு நின்றவன் கையெழுத்து மட்டும் வடிவாகப் போடப் பழகியிருந்தேன். அது என் கழுத்தைப் பிடித்துக்கொண்டது.

அந்தக் கிழமையே துறை கடந்து கிண்ணியாவுக்குப் போனேன். காவற்காரரின் மனைவி முற்றத்தில் பன்பாய் இழைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டு எழும்பினார். உள்ளே ஒரு பிள்ளை நடமாடும் சத்தம் கேட்டது. வழியில் ஒத்திகை பார்த்து வந்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. "திறப்பு என்னட்டத்தான் இருந்தது, தங்கச்சி. அவர் ஓடேல்ல. என்னைத் தேடி வந்தவர்" என்று மட்டும் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"ஆர் சொன்னது?"

"ஆரும் செல்லல்ல. திறப்பு அவர்ட்ட இருந்திருந்தா அவர் கதவத் திறந்திருப்பாரு. இத விளங்கப் பெரிய படிப்பு வேணுமா?"

நான் தலையைக் குனிந்தேன். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"எனக்கிட்டச் செல்லி என்ன செய்ற, முதலாளி? மகளுக்கு ரெண்டு இடம் பேசி வந்து நிண்டு போச்சு. 'ஓடின வாச்சர்ர மகள்' எண்டு செல்றாங்க. இப்ப அதக் கண்ணாடிக்குள்ள வேற எழுதி வெச்சிரிக்காங்களாம். நான் அந்த அறைக்குள்ள போகல்ல, போகவும் மாட்டன். ஒங்கட வாயால கெடுத்தத ஒங்கட கையால எழுதுங்க."

ஒரு தேத்தண்ணி தந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

ஆகவே இதை எழுத்தெழுத்தாகக் கூட்டி என் கையாலேயே எழுதுகிறேன். வாத்தியாரே, வாயை நம்ப ஏலாது என்றீர்கள். இதோ எழுத்து. ஒப்பம் பழைய கடுதாசியில் உள்ள அதே ஒப்பம்தான், பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'பதுங்குகுழியைக் கட்டியவர்' என்ற வரி எனக்கு வேண்டாம். இப்போதிருக்கும் அட்டையைக் கழற்றிவிட்டு இப்படி எழுதுங்கள்: "கதவைப் பூட்டியவர், கட்டிய மேசன். திறப்பை வைத்திருந்தவரும் அவரே. துரையிடம் பொய் சொன்னவரும், விசாரணையில் பொய் சொன்னவரும் அவரே. காவற்காரர் சனங்களைக் கானுக்குள் படுக்கச் சொல்லிவிட்டு, திறப்பு வாங்க ஓடி இறந்தார்." அவருடைய பெயர் மேலே வரட்டும். என்னுடைய பெயர் கீழே, தகப்பன் பெயரோடு, ஊர்க்காரர் வேறொருவரை நினைக்க இடமில்லாதபடி முழுதாக வரவேண்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும். கிண்ணியாவுக்குப் பெண் பார்க்கப் போகிறவர்கள் வாசலில் நின்றே வாசிக்க வேண்டும். இந்த விஷயத்தில் எனக்குள்ள பங்கை நீங்கள் ஒரு சொல்லாலும் குறைக்கக் கூடாது. அது எனக்கு உரியது. தாருங்கள்.