அம்மன் ஏறும் பிக்கப்

சுதந்திரம் கிடைத்த சமயம், காஜா பேராங்கில் பட்டறை வைத்திருந்தேன். தலைமுறைகளாக மலாய் பேசும் தமிழ் வம்சத்தாரின் ஊர் கம்போங் செட்டி. அங்கிருந்து வந்த பிள்ளை, கல் ஏற்றும் தன் பிக்கப் மேடு ஏறத் திணறுகிறது என்றார். சீமைக்குத் திரும்பிய துரையின் பந்தயக் காரிலிருந்த சூப்பர்சார்ஜரை மாட்டினேன். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி அது. டியூன் செய்ததும் வண்டி சுமையோடு மேட்டில் பறந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பிள்ளை சிரிக்கவில்லை. கோவில் தெருவில் இறங்கி, செருப்பைக் கழற்றி, வண்டிக்கு முன்னால் எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"பெலான்-பெலான்," என்றார். மெதுவாகப் பின்னால் வரச் சொல்கிறார். திருவிழாவில் இந்த வண்டியில்தான் அம்மன் வருவாளாம். முன்னால் பெண்கள் பால்குடத்தோடு நடப்பார்களாம்.

கிளட்சை விட்டதும் வண்டி துள்ளியது. அவர் முதுகுக்கு ஒரு சாண் இருக்கும்போது பிரேக் பிடித்தது. அவர் திரும்பவே இல்லை.

"லாகி," என்றார். மறுபடியும் வரவேண்டுமாம்.

வண்டியைப் பட்டறைக்கே கொண்டுபோனேன். பெல்ட் சுற்றும் புல்லியைப் பெரிதாகப் போட்டு, சூப்பர்சார்ஜரின் வேகத்தைக் குறைத்தேன். நடையின் வேகத்தில் எஞ்சின் சீராக ஓடும்வரை கார்புரேட்டரைத் திருகிக்கொண்டே இருந்தேன்.

திருவிழாவில் நானே ஓட்டினேன். முன்னால் நடந்தவர்களில் என் மனைவியும் ஒருத்தி.

வீட்டுக்கு வந்ததும், "பின்னால வண்டி வந்ததே தெரியலைங்க," என்றாள்.

என் வேலைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இன்றுவரை கிடைத்ததில்லை.