மயில் காவடிக்குத் தோகை தேடியது

பர்மியப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரைக்கும், கோவில் தமிழ் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தெரிகிற அளவுக்கும் படித்தவள் நான். வீட்டுக்கு ஆள் வந்தால் அடுப்படியை விட்டு வெளியே வர மாட்டேன். இப்படிப்பட்டவள் நாலு பேர் படிக்கட்டும் என்று எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். நடந்ததை வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரங்கூனில் நானும் தம்பியும் அவன் பெண்சாதியும் ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் வீட்டிலேயே துணி தைக்கிறேன். தம்பி பெண்சாதி ஊர் ஓரத்து லைங் தாயாவில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். சிறுநீரகம் கெட்டுப்போய் வேலையை விட்டாள். அன்றிலிருந்து டயாலிசிஸில்தான் ஓடுகிறது. ஒரு தடவை மூச்சுத் திணறி நினைவு தப்பிக் கிடந்தாள். இவள் பிழைத்தால் பங்குனி உத்திரத்துக்கு மயில் காவடி எடுக்கிறேன் என்று தம்பி ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நேர்ந்துகொண்டான். அவள் கண் விழித்தாள். அதற்குப் பிறகு அவன் மருந்தைவிட அந்த நேர்த்தியைத்தான் நம்பினான்.

அப்பா எடுத்த காவடி ஒன்று வீட்டில் இருந்தது. இறக்கிப் பார்த்தால் மூங்கில் வளைவு நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் கட்டியிருந்த மயில் பீலியைப் பூச்சி தின்று வெறும் தண்டுகள் நின்றன. அந்தச் சமயம் சித்தப்பா மகன் வியாபார வேலையாகத் தமிழ்நாடு போயிருந்தான். பழனி அடிவாரத்தில் பீலி கட்டுக்கட்டாக விற்கும், ஒரு கட்டு வாங்கி வா என்று தம்பி போனில் சொன்னான்.

அவன் வெறும் கையோடு வந்தான். தம்பி பெண்சாதி அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்ததால் அவளுக்கு இது தெரியாது. புடவைகளுக்கு நடுவில் சுருட்டி வைத்ததைச் சென்னை விமான நிலையத்தில் எடுத்துவிட்டார்களாம். உள்ளூரில் உதிர்ந்த இறகை எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள், நாட்டை விட்டு ஒன்றுகூடப் போகக் கூடாது என்றாராம் அதிகாரி. உதிர்ந்ததுதான் என்று இவன் சத்தியம் செய்திருக்கிறான். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், வெளியே அனுப்பலாம் என்று ஆகிவிட்டால் பிடுங்கி அனுப்ப ஆள் கிளம்பிவிடும் என்று அவர் சொல்லியிருக்கிறார். திட்டி அனுப்பியதோடு விட்டது பெரிய விஷயம்.

"முருகனுக்கே விசா இல்லைன்னுட்டாங்கண்ணே. வேணும்னா மயிலு தானாப் பறந்து போகட்டுமாம்" என்று சொல்லிச் சிரித்தான். தம்பி சிரிக்கவில்லை.

பர்மாவிலும் மயில் உண்டு. கழுத்து பச்சையாக இருக்கும். காட்டில் இப்போது அதிகம் இல்லை, பிடிப்பதும் விற்பதும் குற்றம். ஆனாலும் தம்பி எப்படியோ ஒரு ஆளை விசாரித்துப் பிடித்துவிட்டான். பொம்பளை ஒருத்தி கூடையோடு வந்தால் சந்தேகம் வராது என்று என்னையும் கூட்டிப்போனான்.

லைங் தாயாவில் ஒரு டீக்கடைக்குப் பின்னால் அந்த ஆள் சாக்கை அவிழ்த்தான். இறகின் நிறத்தைப் பார்த்து எனக்கு ஒரு நிமிஷம் மனசு நிறைந்தது உண்மை. அப்புறம் கையில் எடுத்துப் பார்த்தேன். உதிர்ந்த இறகின் அடித்தண்டு காய்ந்து சுத்தமாக இருக்கும். இதில் கறுப்பாக ரத்தம் ஒட்டியிருந்தது. சிலவற்றில் தோலும் சேர்ந்து வந்திருந்தது. தம்பி அவனை அக்கோ, அக்கோ என்று அண்ணன் முறை வைத்து மரியாதையாகக் கூப்பிட்டு, எத்தனை பறவை என்று பர்மியத்தில் கேட்டான். அதையெல்லாம் யார் எண்ணினார்கள், மயிலைச் சுட்டவர்களே கறியைத் தின்றுவிட்டார்கள் என்றான் அவன்.

நான் தமிழில் மெதுவாக, "தம்பி, இது உதிர்ந்தது இல்லப்பா" என்றேன்.

"தெரியுதுக்கா. கூடையைக் காட்டு."

காட்டினேன். மேலே கீரைக்கட்டை வைத்து மூடிக்கொண்டு பஸ் ஏறினோம். அங்கே உதிர்ந்த இறகுக்குக் கடல் தாண்ட வழியில்லை, இங்கே சுட்டுப் பிடுங்கியது டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் தண்டுகளைக் கழுவிக் காய வைத்தேன். தனக்காக எடுக்கிற காவடியைத் தானே கட்ட வேண்டும் என்று தம்பி பெண்சாதி நூலோடு உட்கார்ந்தாள். சித்தப்பா மகன் கொண்டுவந்தது என்று தம்பி சொல்லிவைத்திருந்தான். அவள் சின்ன வயதில் கோழிக்கடையில் வேலை பார்த்தவள். கட்டிக்கொண்டே வந்தவள் ஒரு தண்டை நகத்தால் சுரண்டினாள். நான் கழுவியும் போகாத தோல் அது. தம்பியைக் கேட்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"அண்ணி, இது கொன்னதுதானே?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. நேர்ந்தது மயில் காவடி, வேறு எடுத்தால் என்ன ஆகும் என்று ஆரம்பித்தவன் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாமல் நின்றான். அவள் நூலை அறுத்து, கட்டியதையெல்லாம் அவிழ்த்தாள்.

"அவன் ஏறி வர்றதைக் கொன்னு அவன் வாசலுக்கே தூக்கிட்டுப் போறீங்களா? நல்லா இருக்கு உங்க நேர்த்தி."

"நீ இருக்கணும்டி."

"இருந்தாத் தூங்கணும்ல. இதை நெனச்சிக்கிட்டு எப்படித் தூங்குறது?"

இதை எடுத்துக்கொண்டு போனால் திருநீறுகூட வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். கடைசியில் தம்பி இறகுகளை அள்ளி என் பக்கம் தள்ளினான். பின்பக்கம் தகர டின்னில் போட்டு எரித்தேன். முடி கருகுகிற நாற்றம் சந்து முழுக்கப் போனது. என்ன எரிக்கிறாய் என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்டாள். கோழி வாட்டுகிறேன் என்றேன்.

உத்திரத்தன்று தம்பி அதே மூங்கிலில் பூச்சரமும் வேப்பிலையும் கட்டி எடுத்தான். அலகு குத்தியவர்களுக்குப் பின்னால் வந்த தெரிந்தவர் ஒருவர், "என்னப்பா, மயிலு மொட்டை போட்டுக்கிச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவள் கோவில் சுவரோரம் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். தம்பி கொடுத்த திருநீற்றை வாங்கிப் பூசிக்கொண்டாள். நேர்த்தி தீர்ந்ததா சாமி என்று தம்பி குருக்களைக் கேட்டான். மனசுதான் முக்கியம் என்று சொல்லிக்கொண்டே அவர் அடுத்த தட்டை வாங்கினார். தம்பி அங்கேயே நின்றான். காவடியை இறக்கி வைத்த பிறகும் தூக்கிக்கொண்டிருப்பவன் மாதிரிதான் நின்றான்.

அடுத்த நாள் காலையில் அவளை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனோம். ரத்த அழுத்தம் இறங்குகிறது என்று பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். தம்பி வேலைக்குப் போகவில்லை, வீட்டில் அந்தப் பீலியில்லாத காவடிக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தான்.